நாற்பது நொடி மராமத்து

கற்பகத்துக்கு எஸ்டேட்டில் வேலை கிடைத்த அன்று, அவள் வீட்டுப் பின்சுவர் விரிசலுக்குள் நான்கு விரல் தாராளமாகப் போயிற்று. போன மழைக்கு முன்னால் ஒரு விரல்தான் போகும். அவளுடைய அப்பா நல்லமுத்து காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் அதில் விரலை விட்டுப் பார்ப்பார். இருபத்தாறு வருடம் தேயிலைக்கு மருந்தடித்து, நெஞ்சு கெட்டு, கட்டிலோடு கிடந்த மனிதருக்கு வீட்டில் வேறு வேலையும் இல்லை.

வெள்ளிக்குன்று எஸ்டேட்டில் ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள் வரிசையாக நிற்பதற்கு லயம் என்று பெயர். ஏழாம் லயத்தின் கடைசி வீடு இவர்களுடையது. பின்னால் மண்மேடு. மழையில் மேடு சுவரின்மேல் சாயும், சுவர் வீட்டின்மேல் சாயும். பழுது பார்த்துக் கொடுக்கும்படி அம்மா ராமுத்தாய் மூன்று மனுக் கொடுத்திருந்தாள். முதல் மனு பரிசீலனையில் இருந்தது. இரண்டாவது மனு, முதல் மனு பரிசீலனையில் இருப்பதால் நிறுத்திவைக்கப்பட்டது. மூன்றாவதை வாங்கிக்கொண்ட கிளார்க், இன்னொன்று கொடுத்தால் முதலில் கொடுத்ததும் கெட்டுப்போகும் என்று எச்சரித்து அனுப்பினார்.

கற்பகம் மலைக்குக் கீழே ஒரு தனியார் கல்லூரியில் ஊடகவியல் பட்டம் வாங்கி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பட்டமளிப்பு விழாவில் பிரின்சிபால் பேசியது அவளுக்கு வரிவரியாக நினைவிருந்தது. வேலை தேடாதீர்கள், நீங்களே ஒரு வேலை; உங்கள் கையில் இருக்கும் போன்தான் உங்கள் முதலாளி; ஆகவே இன்றிலிருந்து உங்களுக்கு வேலை வாங்கித் தரும் பொறுப்பு இந்தக் கல்லூரிக்கு இல்லை என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கற்பகமும் தட்டினாள். ஊருக்கு வந்து எட்டு மாதம் விடாமல் வீடியோ போட்டாள். இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் கூடப் படித்தவர்கள். அவர்களும் அவரவர் ஊரில் உட்கார்ந்து வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் மேனேஜர் ஆனந்தகுமார் கொச்சியில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய்வந்தார். இனி யாரும் தேயிலையைக் குடிப்பதில்லை, தேயிலையின் கதையைத்தான் குடிக்கிறார்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். எஸ்டேட்டுக்கு ஒரு சமூக ஊடகப் பிரிவு வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். புதுப் பதவி கிடையாது, காலியாக இருக்கும் இடத்தில் ஆளைப் போட்டுக்கொள்ளவும் என்று பதில் வந்தது. காலியாக இருந்தது ஒரே இடம், கொழுந்து பறிக்கும் இடம்.

"பேருக்குத்தாம்மா கொழுந்து. வேலை மீடியாதான்," என்றார் கற்பகத்தைக் கூப்பிட்டு.

கற்பகம் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சுவரைப் பற்றிக் கேட்டாள்.

"உன் வேலை நல்லா இருக்கட்டும். ரிப்பேர் லிஸ்ட்ல உன் வீடுதான் முதல். மழைக்கு முன்னாடி முடிச்சுத் தர்றேன், போதுமா?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

பதிவேட்டில் கொழுந்து என்று எழுதியிருந்ததால் கொழுந்துக்குரிய சட்டமெல்லாம் அவளுக்கும் வந்து சேர்ந்தது. காலை ஏழரைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டில் வந்து நிற்க வேண்டும். முதுகில் கூடை இருக்க வேண்டும். கூடையில் எதைப் போடுவது என்று அவள் கேட்டபோது, சூப்பர்வைசர் ஜெகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போனைப் போட்டுக்கொள்ளச் சொன்னான். பகலில் மூன்று தடவை எடைக் கொட்டகைக்கு வந்து, அதுவரை விழுந்த லைக்குகளை நிறுத்துக் காட்ட வேண்டும். நூறு லைக் ஒரு கிலோ என்று கிளார்க் அட்டவணை எழுதி ஒட்டியிருந்தார். வெளிநாட்டு லைக் கொழுந்து. உள்ளூர் லைக் முத்தல் இலை. கூடை எடைக்கும் ஈரத்துக்கும் இலையில் கழிப்பதைப் போல இதிலும் பத்துக்கு ஒன்று கழித்தார்கள்.

முதல் மழை நாளில் கழிவு இரண்டாயிற்று. லைக் எப்படி நனையும் என்று கற்பகம் கேட்டாள்.

ஜெகன் கொட்டகையின் தார்ப்பாயைத் தூக்கி வெளியே காட்டினான். "இந்தா, பெய்யுதுல்ல?"

"மழ இங்கிட்டுத்தான அண்ணே பெய்யுது. லைக்குப் போட்டவுக துபாய்ல இருக்காக."

"அங்கிட்டுப் பெய்யுதா இல்லையான்னு நான் எங்க போயி பாக்க? மழ நாளுக்குக் கழிவு ரெண்டு. நாஞ் சட்டம் போடல தாயீ."

அவன் பொய் சொல்லவில்லை. தன்னைப் பெற்றவள் கொண்டுவந்த கூடையிலும் அவன் இரண்டுதான் கழித்தான். வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எங்களுக்காவது முதுகில் இலை கனக்கிறது, உனக்கு என்னத்தா கனக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். 

ஏப்ரலில் கவாத்து வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியைத் தறித்துவிட்டால்தான் புதுத் தளிர் வரும். எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் பேர் உள்ள அனைத்துக்கும் கவாத்து, மூன்றில் ஒரு பங்கு வெட்டவும் என்று சுற்றறிக்கை வந்தது. கற்பகத்தின் பேரும் எட்டாம் நம்பர் காட்டில்தான் இருந்தது. ஆறாயிரம் பேர் அவளுடைய பக்கத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டாயிரம் பேரை நீக்க வேண்டும். தான் செடி இல்லை என்று அவள் மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார். இதில் செடி என்று எங்குமே போடவில்லையே, அனைத்து என்றுதானே போட்டிருக்கிறது என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து கட்டைவிரலால் ஒவ்வொருவராக வெட்டினாள். பட்டியலில் அடியில் கிடந்தவர்கள் கல்லூரித் தோழிகள், ஆதியில் சேர்ந்தவர்கள். அடிக்கிளைதான் முதலில் போக வேண்டும் என்பது கவாத்து விதி. அவர்கள் முதலில் போனார்கள். மேனேஜர் வந்து போனைக் கையில் வாங்கிப் பார்த்து, வெட்டு சுத்தமாக இருக்கிறது, இரண்டு மாதத்தில் நன்றாகத் துளிர்க்கும் என்று பாராட்டினார்.

சுவரைப் பற்றிக் கேட்டாள். துளிர்க்கட்டும் என்றார்.

மே மாதம் 'எங்கள் தொழிலாளி, எங்கள் குடும்பம்' என்று ஒரு வீடியோ வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஒரு தொழிலாளியின் வீட்டை உள்ளே போய்க் காட்ட வேண்டும். நாற்பது நொடி. உன் வீட்டையே எடுத்துவிடு, ரிப்பேர் விஷயமும் அதிலேயே முடிந்துவிடும் என்றார் மேனேஜர். கற்பகத்துக்குப் படித்த படிப்பு முதன்முதலாக உதவப்போகிறது என்று தோன்றியது. அப்பாவின் விரல்கள் விரிசலுக்குள் போவதில் தொடங்க வேண்டும். அப்புறம் மெதுவாகப் பின்னால் வந்து முழுச் சுவர். கடைசியில் கூரை. அன்று இரவே நோட்டில் படம் போட்டு வைத்தாள். அம்மாவிடம், நாளை மறுநாள் வீட்டைப் படம் எடுக்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அங்கேதான் காரியம் கெட்டது.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனைக்கு ஆள் வருகிறார், கம்பெனி விருந்தாளி வருகிறார் என்றால், பன்னிரண்டு வீட்டுச் சாமானில் நல்லதெல்லாம் ஒரே வீட்டுக்கு வந்து சேரும். வருகிறவர் அந்த ஒரு வீட்டைப் பார்ப்பார், தலையாட்டுவார், போவார். இதை யாரும் உத்தரவு போட்டுச் செய்யச் சொல்வதில்லை. கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் வருவதைப் போல அதுவாகவே வரும். ராமுத்தாய் லயத்தில் வாயைத் திறந்தாள், அவ்வளவுதான். மறுநாள் மாலை எடை முடிந்து கற்பகம் வந்தபோது மூன்றாம் வீட்டு ஃபிரிட்ஜ் வந்திருந்தது. ஐந்தாம் வீட்டு டிவி வந்திருந்தது. ஒன்பதாம் வீட்டுப் புது மருமகள் சீதனமாகக் கொண்டுவந்த ஆளுயரக் கண்ணாடி மேஜை, விரிசலுக்கு நேர் முன்னால் நின்றது. கண்ணாடி எட்டாத இடத்தில் ரோஜாப்பூ போட்ட திரை.

"ஏம்மா, அந்த வெடிப்பக் காட்டத்தானம்மா படமே எடுக்கேன்."

"வெடிப்பக் காட்டவா?" ராமுத்தாய் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். "பொறத்தாண்டி மண்ணு தெரியிற வீட்டையா ஊரு ஒலகத்துக்குக் காட்டப் போற? நாளப்பின்ன ஒன்னயப் பொண்ணு கேட்டு வாறவன் அதப் பாத்துட்டுத்தேன் வரணுமாக்கும். அதான் தொரையே சரி பண்ணித் தாரேன்னுட்டாருல்ல. சரியாகப் போற வீட்ட எதுக்குடி ஒடஞ்சதாக் காட்டணும்?"

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆளுக்கொரு சாமானாகத் தலையில் சுமந்து வந்த ஒன்பது பெண்கள் வாசலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் திருப்பித் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்ல ஊடகவியல் பாடத்தில் வழி இல்லை.

எடுத்தாள். நல்லமுத்துவுக்கு நான்காம் வீட்டுச் சட்டையைப் போட்டு, தலை வாரி, கண்ணாடி மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நாற்பது நொடிக்கு மட்டும் இருமாமல் இருக்கும்படி கற்பகம் கேட்டுக்கொண்டாள். அவர் இருமவில்லை. மூச்சை அடக்கியதில் கன்னம் சிவந்து முகத்துக்கு ஒரு பொலிவு வந்தது. முடிந்தது என்று அவள் சொன்னதும் அரை மணி நேரம் இருமினார். மறுநாள் காலைக்குள் சாமான்கள் அந்தந்த வீட்டுக்குத் திரும்பிப் போயின.

நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். எடைக் கொட்டகையின் அட்டவணையில் அவ்வளவு பெரிய எண் இல்லை. பிரட்டுக் களத்தில் கூட்டம் போட்டு, அதிகக் கொழுந்து பறித்தவர்களுக்குக் கொடுக்கும் குக்கரை மேனேஜர் கற்பகத்துக்குக் கொடுத்தார். பிறகு பேசினார்.

"முன்னெல்லாம் ஒரு லயத்தைச் சரி பண்றதுன்னா எவ்வளவு பாடு. சிமெண்ட் வரணும், மணல் வரணும், மேஸ்திரி வரணும். நாலு மாசம் ஆகும். அப்புறமும் ஒழுகும். இந்தப் பொண்ணு நாப்பது நொடியில பண்ணிக் காட்டிருச்சு. ஒரு மூட்டை சிமெண்ட் செலவில்ல. இந்த வருஷம் மராமத்துக்கு ஒதுக்கினதை அப்படியே விளம்பரத்துக்கு மாத்தியிருக்கோம். இனிமே எந்த லயத்துல எது உடைஞ்சாலும் மனு எழுதி உட்கார்ந்திருக்காதீங்க. கற்பகத்துக்கிட்ட சொல்லுங்க."

கைதட்டினார்கள். மனுக் கொடுத்து அலுத்தவர்களுக்கு, இந்த முறையாவது நடக்கிறதே என்றுதான் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு பேர் அப்போதே வந்து தங்கள் வீட்டுக் கூரை ஓட்டையை அவளிடம் பதிந்துவிட்டுப் போனார்கள்.

கற்பகம் அடுத்த வாரம் பஸ் ஏறிக் கீழே டவுனுக்குப் போனாள். லயங்களைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கும் அதிகாரி ஷைஜுவின் அலுவலகம் அங்கே இருந்தது. மலையாளி, நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அவளைப் பார்த்ததுமே எஸ்டேட் வீடியோவில் பார்த்த முகம் என்று அடையாளம் தெரிந்து சிரித்தார்.

"மோளே, இப்ப நாங்க மலை ஏறுறதில்ல. எல்லாம் ஆன்லைன். கம்பெனி வீடியோ அனுப்பும், ஞான் நோக்கும், கையொப்பிடும். உங்க லயத்தோட ஃபைல் முடிஞ்சு. பூர்த்தி."

அதில் இருந்ததெல்லாம் இரவல் சாமான் என்று கற்பகம் சொன்னாள். பக்கத்து வீடுகளிலிருந்து வந்தது, படம் எடுத்ததும் திரும்பிப் போய்விட்டது. கண்ணாடிக்குப் பின்னால் சுவர் பிளந்து கிடக்கிறது.

ஷைஜு கவனமாகக் கேட்டார். "நல்ல அயல்காரங்க," என்றார். ஃபைலைத் திறந்து, குடியிருப்போரிடையே நல்லுறவு நிலவுகிறது என்று ஒரு வரி சேர்த்தார். மூடிய ஃபைலைத் திறக்க வேண்டுமென்றால் புது ஆதாரம் வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் புது ஆதாரம் எடுத்தாள். எட்டு நொடி. திரை இல்லை, மேஜை இல்லை. நல்லமுத்துவின் கை மணிக்கட்டு வரை சுவருக்குள் போய்த் திரும்பி வருகிறது. இந்தத் தடவை ராமுத்தாய் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். ஜூன் மழை பிடித்துவிட்டிருந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். "சோகமெல்லாம் முத்தல் எல தாயீ. மிஷின்ல ஓடாது," என்று ஜெகன் மெதுவாகச் சொல்லிவிட்டு, மழைக் கழிவும் கழித்தான். மத்தியானத்துக்குள் மேனேஜர் களைவெட்டும் பெண்கள் இருவரை அவளிடம் அனுப்பிவைத்தார். வீடியோவுக்குக் கீழே கமெண்டுகளில் களை முளைத்துவிட்டதாம். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எது களை என்று கற்பகத்திடமே கேட்டார்கள். வரிசை பிடித்து, ஒன்று விடாமல், வேரோடு எடுத்தார்கள். வீடு விழுந்துவிடும், உடனே வெளியே வாருங்கள் என்று முகம் தெரியாத யாரோ எழுதியிருந்ததையும் எடுத்தார்கள். மாலையில் வீடியோவையே எடுத்தார்கள்.

அதற்குள் அவள் அதை ஷைஜுவுக்கு அனுப்பியிருந்தாள். அவர் போன் செய்தார்.

"ரெண்டிலயும் அதே வீடு, அதே அச்சன். ஏதோ ஒண்ணு அபிநயம். ஏது?"

"மொதல்ல எடுத்ததுதேன் சார்."

"அத நாலு லட்சம் பேர் கண்டதாணு. நாலு லட்சம் சாட்சி. இதுக்கு முந்நூத்திப் பன்ரெண்டு. ஞான் ஒரு கவர்மெண்ட் ஜீவனக்காரன். நாலு லட்சம் பேர் பொய் சாட்சின்னு ஞான் எழுதணுமோ?"

கற்பகம் மூன்றாம் வருடத்தில் உண்மையும் பரவலும் என்ற தலைப்பில் கட்டுரை எழுதி எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கியவள். இப்படி ஒரு கேள்வி அதில் வரவில்லை.

சுவருக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்தார்கள். நல்லமுத்துவை மூன்றாம் வீட்டில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அங்கே ஏற்கெனவே ஏழு பேர். இவருடைய இருமலில் கைக்குழந்தை தூங்காமல் அழுதது. நான்காம் நாள் யாரும் சொல்லாமலே போர்வையைச் சுருட்டிக்கொண்டு தன் கட்டிலுக்கு வந்துவிட்டார்.

ஜூலை இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. கற்பகம் கூடையை மாட்டிக்கொண்டு பதினொன்றரை மணி எடைக்கு நின்றாள். அன்றைய வீடியோ மழையும் தேநீரும். ஆவி பறக்கும் கண்ணாடி டம்ளர், பின்னால் மங்கலாக மலை. நல்ல எடை வந்துகொண்டிருந்தது. ஜெகன் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தபோது ஏழாம் லயத்துப் பக்கம் சத்தம் கேட்டது. மண் இறங்கும் சத்தத்தை எஸ்டேட்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கற்பகம் கூடையோடு ஓடினாள்.

கையாலும் மண்வெட்டியாலும் ஒன்றேகால் மணி நேரம் தோண்டினார்கள். நல்லமுத்துவைக் கட்டிலோடு எடுத்தார்கள்.

மாலை எடைக்கு வராததால் கற்பகத்துக்கு அன்று அரைப் பேர்தான், அரை நாள் கூலிதான், விழுந்தது. அதை எழுதும்போது ஜெகன் அழுதான் என்று சொன்னார்கள். எழுதினான் என்றும் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ஷைஜு மலை ஏறி வந்தார். சாவு விழுந்தால் நேரில் வர வேண்டும் என்று விதி இருந்தது. செருப்புக்கு மேலே அட்டை ஏறி இரத்தம் வழிந்ததை அவர் கவனிக்கவில்லை. உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. மேனேஜர் குடை பிடித்தார். ஷைஜு தன் டேப்லெட்டில் நாற்பது நொடி வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, இடிபாட்டோடு ஒப்பிட்டுக் குறித்தார். ஃபிரிட்ஜ் ஒன்று, இல்லை. டிவி ஒன்று, இல்லை. கண்ணாடி மேஜை ஒன்று, இல்லை. மண்ணுக்குள்ளிருந்து வந்தது ஒரு கட்டில், ஒரு அடுப்பு, நசுங்கிய குக்கர், கொஞ்சம் துணி.

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"வெலை கூடுன சாமான் ஒண்ணும் மண்ணுக்குள்ள இல்ல. அப்ப, சுவர் விழும்னு நேரத்தே அறிஞ்சு மாத்தி வச்சாச்சு. சரிதானே?"

"தெரிஞ்சிருந்தும் கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லலை சார்," என்று மேனேஜர் வருத்தத்தோடு தலையை அசைத்தார். "சொல்லியிருந்தா நாங்க பார்த்துட்டுச் சும்மாவா இருந்திருப்போம்?"

பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ராமுத்தாய் எழப் பார்த்தாள். இரண்டு பெண்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"எழுதுறதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும் மோளே," என்றார் ஷைஜு. குரல் தாழ்ந்திருந்தது. "ஃபிரிட்ஜை மாத்தி. டிவியை மாத்தி. மேஜைய மாத்தி. அச்சனை மட்டும் எந்தா மாத்தாம விட்டது?"

கற்பகம் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

"அதெல்லாம் எரவல் சார். மறுநாளே திருப்பிக் குடுத்துட்டோம். அப்பா மட்டுந்தேன் எங்களோடது."

 ஷைஜு குனிந்து, சேதமான சொந்தச் சாமான்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துக்காகத் தாளை அவள் பக்கம் திருப்பினார்.